சைனீஸ் பஃபே: மதியமா, இரவா?

ஒரே விலைக்கு வேண்டிய அளவு எடுத்துச் சாப்பிடும் சைனீஸ் பஃபேக்கு மதியம் போவதா, இரவு போவதா? அமெரிக்கக் கல்லூரி ஊர்களில் மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் கேள்வி இது.

விலை
மதியம்: சில டாலர் குறைவு.
இரவு: கூடுதல். பல கடைகளில் ஞாயிறு முழுக்க இரவு விலைதான். டிப் இரண்டுக்கும் தனி.

பண்டங்கள்
மதியம்: ஜெனரல் சோ சிக்கன் (இனிப்புக் காரச் சாஸில் பொரித்த கோழி), லோ மெய்ன் (நூடுல்ஸ்), ஃப்ரைட் ரைஸ், சூப்.
இரவு: இவற்றோடு நண்டுக்கால், கூடுதல் இறால் வகைகள்.

சூடும் புதிதாகச் சமைத்ததும்
இதில்தான் கவனம் தேவை. சூடான உணவை 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் வைக்க வேண்டும் என்பது அங்குள்ள உணவு விதி. சூடு இருந்தாலும், நேரம் ஆக ஆகப் பொரித்த கோழியின் மேல்மாவு சாஸை உறிஞ்சி நமுத்துவிடும். கூட்டம் இருந்தால் தட்டு சீக்கிரம் காலியாகிப் புதிது வரும். அதனால் மதியம் 12 முதல் 1, இரவு 6 முதல் 7:30 நல்ல நேரம். 2:30 மணிக்குப் போனால் பெரும்பாலும் மிச்சம்தான்.

நண்டுக்கால் பிடித்தவர்கள் இரவு விலையே கொடுக்கலாம். மற்றவர்களுக்கு மதியமே லாபம். சைவர்களுக்கும் மதியம் போதும். ஆனால் காய்கறி வதக்கலில் சிப்பி சாஸும், சூப்பில் கோழிச்சாறும் இருக்கலாம், கேட்டுவிட்டே எடுங்கள்.