காருகுறிச்சியார் படம் மூன்று: எது அசல்?

காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரத்தை உயர்த்திப் பிடித்து வாசிக்கிற படம். பக்கத்தில் தவில்காரரின் தோளும் பாதி முகமும் தெரிகின்றன. இந்த ஒரே படத்தின் மூன்று பிரதிகளைத் திருநெல்வேலி டவுனில் ஒரு பழைய பொருள் வியாபாரி விலைக்கு வைத்திருந்தார். ஒன்று ஸ்டூடியோக்காரர்கள் அரைப் பிளேட் என்று சொல்லும் சின்ன அளவு. பின்பக்கம் வெறுமையாக இருந்தது, ஒரு மூலை மடங்கியிருந்தது. இரண்டாவது எட்டுக்குப் பத்து அங்குலம். நல்ல பளபளப்பு, பின்னால் ஒரு பத்திரிகை அலுவலகத்தின் ஊதா முத்திரை. மூன்றாவது கண்ணாடி போட்டு மாட்டிய பெரிய படம், பழுப்பு நிறம். விலை முத்திரைப் படத்துக்குத்தான் அதிகம். "பின்னாடி சீலைப் பாத்தியளா அண்ணாச்சி, பேப்பர் ஆபீஸ் ஒரிஜினல், அவர் இருக்கும்போதே போட்டது" என்றார் வியாபாரி.

சீல் பொய்யில்லை என்றுதான் எனக்கும் பட்டது. இருந்தாலும் மூன்றில் நெகட்டிவிலிருந்து நேராகப் போட்டது அந்த வெறும் முதுகுச் சின்னப் படம்தான் என்பேன்.

கண்ணாடிப் படத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்தால் பழுப்பு நிறம் முழுக்க நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாகச் சிதறுகிறது. கம்ப்யூட்டர் பிரிண்டர் வேலை. பத்திரிகைப் பக்கத்திலிருந்து வெட்டியதாக இருந்தால் புள்ளிகள் வரிசை பிடித்து நிற்கும். வெள்ளி உப்பு பூசிய பழைய புகைப்படத் தாளில் புள்ளியே இருக்காது, ஒழுங்கில்லாத துகள் மட்டும் தெரியும். பிரேம் மட்டும் நிஜமாகவே பழசு: தேக்குச் சட்டம், துருப்பிடித்த ஆணி. பழைய சட்டத்துக்குள் புதுப் படத்தைச் செருகுவது இந்தத் தொழிலில் சகஜம் என்பதால் சட்டத்தின் வயதைப் படத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது. வீட்டில் மாட்டத்தான் வேண்டுமென்றால் தாராளமாக வாங்கலாம். பிரிண்டர் பிரதி என்று சொல்லி விற்றால் அதில் குற்றமும் இல்லை.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் நடுவில். எடுத்தவுடன் முதுகைப் பார்க்காமல் முகத்தைப் பார்ப்பது என் பழக்கம்.

சின்னப் படத்தில் நாதஸ்வரத்தின் ஆச்சா மரம் கறுப்புதான், ஆனால் அந்தக் கறுப்புக்குள் விரல் துளைகள் தனியாகத் தெரிகின்றன. துளையை மூடிய விரலின் நகம் தெரிகிறது. மேலே தொங்கும் உபரி சீவாளிகளை, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுகளை, ஒவ்வொன்றாக எண்ணலாம். அங்கவஸ்திரத்தின் வெள்ளைக்குள் மடிப்பும், கரையில் சரிகைக் கோடும் இருக்கின்றன. முத்திரைப் படத்தில் இதெல்லாம் போய்விட்டது. மரமும் கைநிழலும் ஒன்றாகக் கறுத்துக் கிடக்கின்றன. அங்கவஸ்திரம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துவிட்டது. படத்தைப் படம் பிடித்துப் போட்டால் இப்படித்தான் ஆகும். காப்பியிலிருந்து காப்பி என்று போகும் ஒவ்வொரு தலைமுறைக்கும் நடுச்சாயல்கள் குறைந்து கறுப்பும் வெள்ளையும் முரடாகும். படம் பெரிதாக, பளிச்சென்று இருப்பதால் முதல் பார்வைக்கு முத்திரைப் படமே நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஏமாறுவது அங்கேதான்.

இன்னும் உறுதியான சாட்சி தவில்காரரின் தோளுக்கு மேலே இருந்தது. முத்திரைப் படத்தில் அங்கே வெள்ளையாக ஒரு கீறல். படத்தை ஜன்னல் பக்கம் சாய்த்து, வெளிச்சம் மேலே வழுக்கிப்போகிற மாதிரி பிடித்துப் பார்த்தால் அந்த இடத்தில் தாள் வழவழவென்று இருக்கிறது. கீறல் தாளில் இல்லை, படத்துக்குள் இருக்கிறது. அதாவது, வேறு ஒரு பிரதியில் விழுந்த கீறல் இதில் படமாகப் பதிவாகியிருக்கிறது. ஓரமாக ஒரு குண்டூசித் துளையும் அப்படித்தான்: கறுப்புப் புள்ளியாகத் தெரிகிறதே தவிர ஓட்டை இல்லை. சின்னப் படத்தின் மடிப்போ நிஜ மடிப்பு. மேல்பூச்சு வெடித்து அடித்தாளின் நார் வெளியே தெரிகிறது. கீறல் நெகட்டிவிலும் விழுந்திருக்கலாமே என்று கேட்கலாம். நெகட்டிவ் கீறல் பெரும்பாலும் மெல்லிசாக, நேர்கோடாக ஓடும். மடங்கி உடைந்த தாளின் கோணல் கோடு அதில் வராது. காப்பி எடுத்த மூலப்படம் சொரசொரப்பான ஸ்டூடியோத் தாளாக இருந்தால், அந்தச் சொரசொரப்பும் வழவழப்பான தாளில் படமாக வந்து நிற்கும். இது ஒன்று கிடைத்துவிட்டால் மேற்கொண்டு சோதனையே தேவையில்லை.

சின்னப் படத்தைச் சாய்த்தபோது கறுத்த ஓரங்களில் நீலம் கலந்த வெள்ளி மினுமினுப்பு தெரிந்தது. வெள்ளி மேலே கசிந்து ஆடி போலப் படிவது இது. காற்றும் ஈரமும் பல வருஷம் பட்டால் வரும், பிரிண்டர் படத்தில் வராது. ஆனால் 1970களில் போட்ட காப்பியிலும் வந்திருக்கலாம் என்பதால் இதற்குப் பாதி மதிப்பெண்தான்.

சரி, முதுகுக்கு வருவோம். அருணாசலம் 1964 ஏப்ரலில் காலமானார். அவர் இருக்கும்போதே போட்ட பிரதி என்றால் தாளும் அதற்கு முந்தியதாக இருக்க வேண்டும். கழிப்பதற்கு இந்த ஒரு வருஷம் போதும். பிளாஸ்டிக் பூசிய தாள் பரவலாகப் புழங்கியது 1970களில், எனவே விரலில் பிளாஸ்டிக் போல வழுக்கும் முதுகு என்றால் கழித்துவிடலாம். முதுகில் 'இந்து' (INDU) என்ற பெயர் மங்கலாக அச்சாகியிருந்தாலும் கழித்துவிடலாம். அது ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தாள், அங்கே உற்பத்தி தொடங்கியதே 1967இல்தான். முத்திரைப் படத்தின் முதுகில் ஊதா மைக்கு அடியில் சாய்வாக, மங்கலாக இருந்த எழுத்து 'அக்ஃபா-கேவர்ட்'. அக்ஃபா, கேவர்ட் என்ற இரண்டு புகைப்படக் கம்பெனிகளும் இணைந்தது 1964இல். அந்தப் பெயர் போட்ட தாள் இங்கே வந்து, படமாகி, அதுவும் அவர் உயிரோடு இருக்கும்போதே என்பது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

அப்படியானால் முத்திரை பொய்யா? இல்லை. அந்தக் காலத்தில் பத்திரிகையிடம் சொந்தப் படம் இல்லாவிட்டால் வித்துவான் வீட்டிலோ கச்சேரி நடத்திய சபாவிலோ ஒன்றை இரவல் வாங்குவார்கள். அதைக் காப்பி எடுத்து, பளபளப்புத் தாளில் பெரிதாகப் போட்டு, பிளாக் (படம் அச்சடிக்கும் உலோகத் தகடு) செய்யக் கொடுப்பார்கள். பளபளப்பு கேட்பதற்குக் காரணம், பிளாக் எடுக்க அதுதான் தோது. நினைவஞ்சலிக்கோ வேறு எதற்கோ அப்படி ஒரு பிரதி போட்டு, முத்திரை குத்தி, அலமாரியில் வைத்திருப்பார்கள். எந்தப் பகுதி அச்சாக வேண்டும் என்று காட்டச் சிவப்பு மெழுகுப் பென்சிலில் போட்ட வெட்டுக்கோடு இந்தப் படத்தின் விளிம்பில் இன்னும் இருக்கிறது, நகத்தால் தடவினால் மேடு தட்டுப்படுகிறது. பத்திரிகை மேசைக்குப் போய்வந்த படம் என்பதற்கு முத்திரையைவிட இந்தக் கோட்டை நான் நம்புவேன். ரப்பர் ஸ்டாம்பு எந்தக் கடைவீதியிலும் ஒரு மணி நேரத்தில் செய்து தருவார்கள்.

முத்திரையைப் படிப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. முகவரியில் 'தமிழ்நாடு' என்று மாநிலப் பெயர் இருந்தால் 1969க்குப் பிந்தியது என்று ஊகிக்கலாம். தமிழில் அச்சடித்து ஒட்டிய குறிப்புச் சீட்டு இருந்தால் 'கலைஞர்' என்ற சொல்லைத் தேடுங்கள். எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றது 1978இல். ஐம்பதுகளில் ஒட்டியதாகச் சொல்லும் சீட்டில் 'லை' இன்றைய வடிவில் இருந்தால் சந்தேகம் வர வேண்டும். முழுத் தீர்ப்பாக எடுக்க வேண்டாம், ஏனென்றால் 'விடுதலை' போன்ற பத்திரிகை 1930களிலேயே புது எழுத்துக்கு மாறியது. துதிக்கை போட்ட பழைய 'லை' இருப்பதால் படம் பழசு என்றும் ஆகாது, எங்கள் வாத்தியார் தொண்ணூறுகளிலும் அப்படித்தான் எழுதினார்.

அப்புறம், ரூபாய் நோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச். பலர் இதை மந்திரக்கோல் ஆக்கிவிட்டார்கள். தாளை வெண்மையாக்கும் ரசாயனத்தைப் புகைப்படத் தாளில் 1950களில்தான் சேர்க்கத் தொடங்கினார்கள். இருட்டில் இந்த ஒளி பட்டால் அது நீலமாக ஒளிரும். நாடகப் பாடகர் செங்கோட்டை கிட்டப்பா 1933இல் போய்விட்டார். அவர் காலத்துப் பிரதி என்று காட்டுகிற படம் ஒளிர்ந்தால் பேச்சுக்கே இடமில்லை. காருகுறிச்சியார் விஷயத்தில் டார்ச் அவ்வளவு உதவாது. ஐம்பதுகளின் பிற்பாதித் தாள் ஒளிரவும் செய்யலாம், ஒளிராமலும் போகலாம். சின்னது ஒளிரவில்லை, முத்திரைப் படம் ஒளிர்ந்தது. மற்ற சாட்சிகளோடு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். வாங்குவதானால் 365 நானோமீட்டர் டார்ச் வாங்குங்கள். மலிவான 395இல் டார்ச்சின் ஊதா வெளிச்சமே தாள் மேல் படர்ந்து குழப்பும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். 1966 அக்டோபரில் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐ.நா. சபையில் பாடினாரே, அந்த மாதிரி வெளிநாட்டு நிகழ்ச்சிப் படம் தந்தி போலக் கம்பி வழியாக அனுப்பப்பட்டதாக இருந்தால் மெல்லிய வரிக்கோடுகளும், படத்துக்குள்ளேயே தட்டச்சுக் குறிப்பும் இருக்கும். சாயல் மோசமாகத்தான் வரும். அதைக் காப்பி என்று தள்ளினால் தப்பு, பத்திரிகைக்கு வந்து சேர்ந்ததே அந்த உருவத்தில்தான்.

அமெரிக்காவில் பழைய விளையாட்டுப் படம் சேர்ப்பவர்கள் இதற்கு நான்கு வகை வைத்திருக்கிறார்கள். மூல நெகட்டிவிலிருந்து, எடுத்த இரண்டு வருஷத்துக்குள் போட்டது முதல் வகை. அதே நெகட்டிவிலிருந்து பிற்பாடு போட்டது இரண்டாவது. காப்பி நெகட்டிவ் அல்லது கம்பிப் படம், ஆனால் அதே காலத்தது, மூன்றாவது. காப்பியும் பிற்காலமும் சேர்ந்தால் நான்காவது. நம் ஊர் நாதஸ்வரப் படத்துக்கும் இது பொருந்துகிறது. சின்னது முதல் வகையாகவோ இரண்டாம் வகையாகவோ இருக்கும், அதற்குள் எது என்று பிரிக்க முதுகில் ஒரு எழுத்தும் இல்லை. முத்திரைப் படம் மூன்றாம் வகைக்கு மேல் ஏறாது.

என் கையில் காசு இருந்தால் சின்னதைத்தான் முதலில் எடுப்பேன். முத்திரைப் படத்தையும் விடச் சொல்ல மாட்டேன். பத்திரிகை எப்படி வேலை செய்தது என்பதில் ஆசை உள்ளவர்களுக்கு அந்தச் சிவப்புக் கோடும் ஊதா மையும் சின்னப் படத்தில் கிடைக்காதவை. ஆனால் அதற்குச் சின்னதைவிடப் பாதி விலைதான் கொடுப்பேன். இப்போது இரண்டின் விலையும் தலைகீழாக இருப்பதால், வாங்குகிறவர் சத்தம் போடாமல் சின்னதை எடுத்துக்கொள்வது உத்தமம். பிரேம் போட்ட பழைய படம் வேறு எங்காவது கிடைத்தால் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தென்காசி, குற்றாலம் பக்கத்து வீடுகளில் சாரல் ஈரத்தில் படத்தின் பூச்சு கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். அப்போது இழுத்துப் பிய்க்கக் கூடாது. ஒட்டியபடியே விட்டு, முதுகு பார்க்காத படத்துக்கு என்ன விலையோ அதைச் சொல்லுங்கள்.