சிக்னலில் வண்டியைக் கண்டறிய: தரைக்கம்பிச் சுருளா, கேமராவா?

நிறுத்தக்கோட்டுக்கு முன்னால் சாலையில் தார் பூசிய சதுரக் கீறல் தெரிந்தால், அடியில் கம்பிச் சுருள் இருக்கிறது. பக்கம் சுமார் 1.8 மீட்டர், மூன்று நான்கு சுற்றுகள். அதில் மாறுமின்னோட்டம் ஓடும். மேலே உலோகம் வந்ததும் அந்த உலோகத்துக்குள் வட்டமாகச் சுற்றும் சுழல் மின்னோட்டம் தோன்றி, சுருளின் தூண்டல்திறன் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) குறையும். சுருளில் ஓடும் மாறுமின்னோட்டத்தின் அலைவெண் சற்று ஏறும். ஓரப் பெட்டியிலுள்ள டிடெக்டர் அந்த ஏற்றத்தைத்தான் பார்க்கிறது. எடைக்கு இதில் வேலையே இல்லை, வண்டிமேல் குதித்துப் பயனில்லை.

சைக்கிள்காரர்கள் சதுரத்தின் நடுவே நிற்பதுதான் தவறு. இரு சக்கரமும் பக்கவாட்டுக் கீறலின் மேலேயே நேராக நிற்கட்டும். உலோக ரிம் கம்பிக்கு இணையாக வரும்போது பிடிபடும் வாய்ப்பு அதிகம்.

கேமராவில் சாலையை அறுக்க வேண்டாம். படத்தின்மேல், வண்டியைக் கவனிக்க வேண்டிய இடத்தில் கட்டம் வரைந்தால் போதும், தடம் மாறினால் கட்டத்தையும் மாற்றலாம். ஆனால் தாழ்ந்த வெயில், மூடுபனி, ஈரச்சாலையில் முகப்பு விளக்கின் பிரதிபலிப்பு, லென்ஸில் படியும் தூசு எல்லாம் அதை ஏமாற்றும். பேருந்துக்குப் பின்னால் நிற்கும் பைக் மறைந்தே போகும்.

சுருளுக்கு மழையோ இருட்டோ பொருட்டல்ல. தளம் விரிசல் விட்டால் கம்பி அறும், இணைப்பில் நீர் புகும். சரிசெய்யத் தடத்தை மூடியாக வேண்டும். தளம் உறுதியான இடத்தில் சுருளையே போடுவேன். அடிக்கடி தோண்டப்படும் சாலைக்குக் கேமரா, துடைக்க ஆள் இருந்தால் மட்டும்.