தோள்பட்டைச் சின்னம் வாங்குவோர் கவனத்துக்கு

கொம்பனித்தெருப் பக்கம் உள்ள ஒரு பழம்பொருட் கடையில், முதலாம் உலகப் போர்க்காலத்துப் பிரித்தானிய பிரிகேடியர் ஜெனரல் ஒருவரின் தோள்பட்டைச் சோடி என்று சொல்லப்பட்டதை 28,000 ரூபாய்க்கு வாங்கி ஏமாந்தேன். கொழும்பில் பழைய படைச் சின்னங்களைச் சேர்ப்பவர்கள் என்னைத் தவிரவும் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

பிரித்தானியப் படையில் அந்தப் பதவி 1920களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டது. 1928இல் அதன் இடத்துக்கு வெறும் ‘பிரிகேடியர்’ வந்தபோது சின்னமும் வேறாகிவிட்டது: கிரீடமும் மூன்று நட்சத்திரங்களும், அதாவது கேர்ணலின் சின்னத்தோடு மேலும் ஒரு நட்சத்திரம். பழைய பிரிகேடியர் ஜெனரலோ, ஜெனரல்களுக்குரிய குறுக்கிட்ட வாளையும் கோலையும் மட்டும், நட்சத்திரமோ கிரீடமோ இல்லாமல் அணிந்தார். அந்த வெறுமைக்குத்தான் சேகரிப்பாளர்கள் காசு கொடுக்கிறார்கள். மோசடிக்கு வழிவிடுவதும் அதுவே. ஏனெனில் மேஜர் ஜெனரலுக்கும் அதே வாளும் கோலும்தான், மேலே தனியாகக் குத்திய ஒரு சாய்சதுர வடிவ நட்சத்திரத்தோடு. அதைக் கழற்றிவிட்டால், ஒழிந்துபோன பதவியொன்று கடைக்காரரின் மேசையிலேயே உயிர்பெற்றுவிடும்.

வீட்டில் மேசை விளக்கின் கீழே பார்த்தபோதுதான், வாளுக்கு மேலே துணி ஒரு சிறு சாய்சதுர அளவுக்கு வெளிறாமல் கருமையாக இருப்பதும், அதன் நடுவே இரண்டு துளைகள் அதே நிற நூலால் இழையோட்டி அடைக்கப்பட்டிருப்பதும் தெரிந்தன. அதே பெட்டியில் கிடைத்ததென்று இலவசமாகத் தந்த பித்தளைக் கிரீடமும் காட்டிக்கொடுத்தது. அந்தப் போர்க்காலக் கிரீடத்தின் வளைவுகள் மேல்நோக்கி உருண்டிருக்கும். நடுவில் பள்ளம் விழுந்த இந்த வடிவம் பின்னால் இரண்டாம் எலிசபெத் அரசியின் காலத்தில் வந்தது.

மறுநாள் திரும்பப் போனேன். “தம்பி, பில்லில என்ன எழுதியிருக்கெண்டு பாருங்க” என்றார் கடைக்காரர், குரலை உயர்த்தாமலே. ‘பழைய பித்தளைச் சின்னம் - 2’ என்று மட்டுமே இருந்தது. பதவியும் இல்லை, ஆண்டும் இல்லை. வேண்டுமானால் 5,000 ரூபாய்க்குத் திருப்பி எடுப்பதாகச் சொன்னதை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

இத்தகைய சோடியை யாராவது காட்டினால், துணியைத் திருப்பி உட்புறத்துத் துளைகளை எண்ணுங்கள். பதவியின் பெயரையும் காலத்தையும் பில்லில் எழுதித் தர மறுத்தால் வாங்காதீர்கள்.