சுட்டியும் நானும்: கொழும்பில் பதினான்கு மாதக் குதிரையேற்றப் பயிற்சி

முதல் ஆறு கிழமையும் என்னை அந்தக் குதிரைமேல் ஏறவே விடவில்லை. பாடம் ஒன்றுக்கு 4,500 ரூபா. விடியக் காலை ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் ஓட்டோ பிடித்துப் போய், நாற்பத்தைந்து நிமிடமும் மணலில் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருக்கிறேன். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால், காசைப் பிடுங்கும் இடம் என்றுதான் நினைத்திருப்பேன். இன்றைக்குப் பதினான்கு மாதம் ஆகிறது. நான் கட்டிய காசில் அந்த ஆறு கிழமைக்குக் கட்டியதுதான் அதிகம் பெறுமதியானது.

இடத்தின் பெயரை எழுதவில்லை. இருக்கிற குதிரைகளுக்கு இருக்கிற மாணவர்களே போதும், இதற்குமேல் ஆள் சேர்த்தால் அவற்றின் முதுகுதான் நோகும் என்று பயிற்றுநர் சொன்னார். கொழும்பில் எந்த லாயத்துக்குப் போனாலும் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

சுட்டி ஒன்பது வயதுப் பெட்டைக் குதிரை, தரோப்ரெட் இனம், நுவரெலியாவில் பந்தயம் ஓடியவள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருப்பதால் அந்தப் பெயர். அவள் ஓடும்போது பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது; அவ்வளவு இலேசாகக் கால் வைப்பாள். ஆனால் தனக்குப் பிடிக்காததை யார் சொன்னாலும் செய்ய மாட்டாள். வலப்பக்க வட்டம் என்றாலே தலையைத் தூக்கி, முதுகை இறுக்கி, பின்னால் போவாள். இதற்கு முன்பு அவளை வைத்திருந்த இடத்தில் கடுமையான வாயிரும்பு போட்டு அடக்கப் பார்த்திருக்கிறார்கள். வாயோரத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இந்தப் பயிற்றுநர் செய்த முதல் வேலை மிருக வைத்தியரைக் கூப்பிட்டது. குதிரையின் கடைவாய்ப் பற்கள் வயதான பிறகும் மேலே வந்துகொண்டே இருக்கும். தேய்மானம் சரியாக இல்லாவிட்டால் ஓரங்கள் கத்தி மாதிரிக் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். சுட்டிக்கு வலப்பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. அரம் போட்டு ஓரங்களை ராவினார்கள். இரண்டு கிழமை வாயிரும்பே இல்லாமல் விட்டு, பிறகு நடுவில் மூட்டுள்ள, ஸ்னாஃபில் என்ற சாதாரண வாயிரும்பைப் போட்டார்கள். சேணமும் தோளுக்கு மேலே அழுத்திக்கொண்டிருந்தது, அதையும் மாற்றினார்கள். ஓட்ஸைக் குறைத்துக் கினிப் புல்லைக் கூட்டினார்கள். பிடிவாதம் என்று எல்லாரும் சொன்னதில் பாதி, வலி. மற்றப் பாதி அவளுடைய குணம். அதை யாரும் மாற்றக் கூடாது என்பதே என் ஆசை.

அந்த ஆறு கிழமையில் நான் கற்றது ஒன்றே ஒன்று: எப்போது விடுவது. கயிற்றால் மெல்ல ஒரு அழுத்தம் கொடுக்க வேண்டும். அவள் பாதி அடி எங்கள் பக்கம் வந்தாலும் அந்தக் கணமே கையைத் தளர்த்த வேண்டும். குதிரைக்குப் பாடம் அந்தத் தளர்வில்தான் இருக்கிறது. பிந்தி விட்டால், பிந்திய அந்த நேரத்தில் என்ன செய்தாளோ அதையே கற்றுக்கொள்வாள். அப்புறம், கிட்டப் போகும் விதம். குதிரைக்கு ஏறக்குறையச் சுற்றிவரப் பார்வை உண்டு, நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. அதனால் தோள் பக்கமாகத்தான் போக வேண்டும். என் அம்மம்மா நெடுந்தீவு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அங்கே இப்போதும் கட்டாக்காலியாகத் திரிகின்றன. "பின்னால போகாத பிள்ளை, அதுக்குத் தெரியிற மாதிரி நில்லு" என்று அம்மம்மா சின்ன வயதில் சொன்னது, மணலில் நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது.

ஏழாம் கிழமை ஏறினேன். கான்டர் என்ற மிதமான பாய்ச்சல் ஓட்டத்துக்கு வந்ததும் சுட்டி என்னை இழுத்துக்கொண்டு பாய்ந்தாள். பயத்தில் கடிவாள வாரை இழுத்தேன், இன்னும் வேகமாக ஓடினாள். லாயத்தில் குதிரை பார்க்கும் அண்ணன் மலையகத்துக்காரர், சுட்டியோடு நுவரெலியாவிலிருந்து வந்தவர். வேலிக்கு வெளியே நின்று, "இழுக்காதீங்க மிஸ், இழுத்தா ரேஸ்னு நெனச்சுக்குவா!" என்று கத்தினார். பந்தயக் குதிரை வாரின் இறுக்கத்தில் சாய்ந்து ஓடித்தான் பழகியிருக்கும். நாங்கள் நிறுத்த இழுப்பது அவளுக்கு ஓடு என்ற சொல். பயிற்றுநர் வட்டத்துக்குள் திருப்பச் சொன்னார். இருபது மீற்றர் வட்டம், பிறகு அதைவிடச் சின்னது. வளைவில் கால் நீட்டி ஓட முடியாமல் அவளாகவே குறைத்தாள். இறங்கியபோது என் முழங்கால் நடுங்கியது. அண்ணன் அவள் கழுத்தைத் தடவிக்கொண்டே, "அவ மேல தப்பில்ல மிஸ்" என்றார். எனக்கும் அது தெரிந்திருந்தது.

குறைகளும் உண்டு. மணல் திடலுக்குக் கூரை இல்லை. ஒக்டோபர், நவம்பர் மழையில் கிழமைக்கணக்காகப் பாடம் நின்றது. காசைத் திருப்பித் தர மாட்டார்கள், அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே தரும் தலைக்கவசங்கள் பழசு. பலமாக ஒருமுறை விழுந்த கவசத்தைத் திரும்பப் போடக் கூடாது. எது விழுந்தது, எது விழவில்லை என்று பார்த்துச் சொல்ல முடியாது. சொந்தமாக வாங்குங்கள், இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். காலை ஏழரைக்குப் பிறகு நேரம் தந்தால் எடுக்காதீர்கள். கொழும்புப் புழுக்கத்தில் குதிரை வியர்வையோடு உப்பையும் நிறைய இழக்கும். இங்கே ஓட்டம் முடிந்ததும் தண்ணீர் ஊற்றி, நடத்தி, உப்புக்கட்டி வைத்துவிட்டுத்தான் கட்டுகிறார்கள். அதை நின்று பார்த்த பிறகே நான் இவர்களை முழுதாக நம்பினேன்.

வீடு திரும்பும் வழியில் சில நாள் ரீட் மாவத்தைப் பக்கமாகப் போகச் சொல்வேன். அங்கே 1893இல் திறந்த குதிரைப் பந்தயத் திடல், இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுபாதையாகி, இப்போது ரக்பி விளையாடும் இடமாகிவிட்டது. கையில் சுட்டியின் வாசம் இருக்கும்போது அந்தப் பழைய பார்வையாளர் மேடையைப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும்.

போன ஞாயிறு வலப்பக்கம் கான்டரில் மூன்று வட்டம் போனோம். நான்காவதில் காகக் கூட்டம் ஒன்று எழும்பியது, தலையைத் தூக்கினாள். வாரை இழுக்காமல் மூச்சை நீளமாக விட்டேன். ஒரு காது என் பக்கம் திரும்பியது. அப்புறம் மற்றதும். நடைக்கு வந்தாள். சித்திரை வரைக்கும் காசு கட்டிவிட்டேன்.