பினாங்கு ஜார்ஜ்டவுன் தனியார் மருத்துவமனை: குழந்தைகளுக்கான அல்ட்ராசவுண்ட்

என் மகனுக்கு 8 வயது. சாயங்காலம் தொப்புளைச் சுற்றி வலி என்றான். இரவு 11 மணிக்கு அது வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. பட்டர்வொர்த்திலிருந்து பாலம் ஏறி இங்கே ஓடி வந்தோம்.

"சிடி ஸ்கேன் எடுத்துடலாமா டாக்டர்?" என்றேன். "முதல்ல அல்ட்ராசவுண்ட் போதும்மா, இதுல கதிர்வீச்சு கிடையாது" என்றார். ஸ்கேன் செய்த அக்கா ஜெல்லைத் தன் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் தடவினார். "எங்க வலிக்குது தம்பி, ஒரு விரலால காட்டு" என்று கேட்டு, அங்கே மெல்ல மெல்ல அழுத்தினார். நல்ல குடல் அழுத்தினால் அமுங்கிவிடுமாம். வீங்கிய குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) அமுங்காது. திரையில் அதன் விட்டத்தை அளந்தபோது 9 மில்லிமீட்டர். 6-ஐத் தாண்டினாலே சந்தேகப்படுவார்களாம். விடியற்காலையில் அறுவை சிகிச்சை, மூன்றாம் நாள் வீடு.

குறை ஒன்று உண்டு. பிள்ளை நாற்காலியில் சுருண்டு கிடக்க, முன்பணம் கட்டும் கவுண்டரில் 40 நிமிடம் நிற்க வைத்தார்கள். அதை மன்னிக்க எனக்கு மனமில்லை. ஸ்கேன் அறைக்கு மட்டும் முழு மதிப்பெண்.

அப்புறம், இப்படி வலியோடு கிளம்பும்போது வழியில் மைலோ பானம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். அறுவை சிகிச்சை என்றால் வெறும் வயிறாக இருக்க வேண்டும்.