சைக்ஸ் என்ற பெயரின் வேர்: 1881 கணக்கெடுப்பா, டிஎன்ஏ சோதனையா?

சைக்ஸ் என்பது இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதிக் குடும்பப் பெயர். சிற்றோடைக் கரையில் குடியிருந்தவர்களுக்கு வந்தது. இன்றும் அங்குள்ள ஹடர்ஸ்ஃபீல்டு நகரப் பக்கம் சாதாரணமாகக் காதில் விழும். இதன் வேரைத் தேடுபவர்களுக்கு இரண்டு வழிகள்: பிரிட்டனின் 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, டிஎன்ஏ சோதனை.

செலவு:
கணக்கெடுப்பு – குடும்ப வரலாறு தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம்.
டிஎன்ஏ – காசு கொடுக்க வேண்டும்.

யாருக்கு முடியும்:
கணக்கெடுப்பு – யாருக்கும்.
டிஎன்ஏ – இதில் பார்ப்பது ஆண்களிடம் உள்ள ஒய் குரோமோசோமை; அது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். பெண்கள் அப்பாவையோ அண்ணன் தம்பியையோதான் கேட்க வேண்டும்.

என்ன தெரியும்:
கணக்கெடுப்பு – வயது, தொழில், பிறந்த ஊர். பெயர் எங்கே குவிந்திருந்தது என்பது பளிச்சென்று தெரியும். ஆனால் ஒரே ஊரில் இருந்த இரண்டு சைக்ஸ் குடும்பங்கள் உறவா என்று சொல்லாது.
டிஎன்ஏ – அதைத்தான் சொல்லும். ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் தன் பெயர்க்காரர்களையே சோதித்து 2000-இல் வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம்! எங்கும் ஓடைகள் உள்ள நாட்டில் இந்தப் பெயர் பல இடங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கும் என்றே நினைப்போம்; அதனால் இது எதிர்பாராதது. ஒரே மூதாதையிலிருந்து பெயர் பரவியிருக்கலாம் என்றார். மீதிப் பேர்? தத்து, தாய்வழிப் பெயர், ரகசிய உறவு என்று பல காரணங்கள் இருக்கலாம். வீட்டில் சங்கடம் வந்தாலும் வரும்.

ஊரும் பரவலும் போதும் என்றால் கணக்கெடுப்பு. இன்னொரு சைக்ஸ் பங்காளியா என்று தெரிய வேண்டுமென்றால் டிஎன்ஏ. என்னைக் கேட்டால், முதலில் இலவசமானதைப் பாருங்கள்.