ஊரை விட்டு வந்தவரும் வெளிநாட்டில் பிறந்தவரும்

லண்டனில் 1970இல் தொடங்கப்பட்ட ‘தி ஐரிஷ் போஸ்ட்’ போன்ற புலம்பெயர் ஐரிஷ் ஏடுகளுக்கு எழுதக்கூடியவர்களின் பின்னணி பெரும்பாலும் இரண்டு வகைப்படும்: அயர்லாந்தில் வளர்ந்து பிழைப்புக்காக வெளியேறியவர்கள் ஒரு வகை, ஐரிஷ் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறந்தவர்கள் மற்றொரு வகை.

முதல் வகைக்கு டோனல் மக் ஆவ்லி நல்ல சான்று. மேற்கு அயர்லாந்தின் கால்வே நகருக்கு அருகே 1926இல் பிறந்து, ஐரிஷ் மொழி பேசும் படைப்பிரிவில் பணியாற்றிய அவர், 1951இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டனுக்குச் சென்று, முதலில் மருத்துவமனை ஊழியராகவும் பிறகு சாலை, கட்டுமானப் பணிகளில் மண் வெட்டும் கூலித் தொழிலாளியாகவும் உழைத்தபடியே, தங்குமிடம் தேடியதையும் வேலைக்கு அலைந்ததையும் ஐரிஷ் மொழியில் நாட்குறிப்பாக எழுதிவந்தார். அது 1960இல் நூலாக வெளிவந்தது. எழுதுவதற்காக உழைப்பாளிகளிடையே போனவர் அல்லர் அவர். அவர்களில் ஒருவராகவே இருந்து எழுதியவர்.

இரண்டாம் வகைக்குச் சான்று நாடக ஆசிரியர் மார்ட்டின் மக்டோனா. 1970இல் லண்டனில் பிறந்தவர். தந்தை கட்டடத் தொழிலாளி. அயர்லாந்தின் மேற்குப் பகுதியை அவர் அறிந்தது பெற்றோரின் பேச்சிலும் விடுமுறைப் பயணங்களிலும்தான். 1996இல் கால்வேயின் ட்ரூயிட் நாடகக்குழு அவருடைய முதல் நாடகத்தை அரங்கேற்றியபோது பாராட்டுகள் குவிந்தன. அவர் காட்டுவது போலி அயர்லாந்து என்ற குறையும் பின்னர் எழுந்தது. அந்தக் குறையை நான் முழுதாக ஏற்கவில்லை, ஏனெனில் பெற்றோரின் பேச்சுநடையைக் காதில் வாங்கி வளர்வதும் ஓர் அனுபவமே. ஆயினும், புலம்பெயர்ந்த உழைப்பின் அன்றாடத்தைப் பதிவு செய்ய ஒருவரைத் தேடும் ஏட்டின் ஆசிரியர் மக் ஆவ்லி போன்றவரையே நாட வேண்டும்.